மூக்கு வழியே மெல்லிய குழாய்... மயக்க ஊசி இல்லாமல் உணவுக்குழாய் பரிசோதனை! - அப்பத்தாவின் பயத்தைப் போக்கிய 10 நிமிடங்கள்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோதுதான் கவனித்தேன். காரைக்குடியை ஒட்டியிருக்கும் கோவிலூர்தான் எங்கள் ஊர். எல்லோருக்கும் இலை போட்டாயிற்று. அப்பத்தா மட்டும் இலையில் உட்காராமல், கிண்ணத்தில் சோற்றைக் கூழாகப் பிசைந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். வடையைத் தொடவே இல்லை.

``ஏன் அப்பத்தா, வடை வேணாமா?''

``எறங்க மாட்டேங்குதுத்தா. நெஞ்சுக்குள்ள நின்னு நின்னு போகுது.''

``எத்தனை நாளா?''

``ஆடியில ஆரம்பிச்சது.''

ஆடி எங்கே, தை எங்கே! ஏறத்தாழ ஆறு மாதம். யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டால், அதுவும் இல்லை. காரைக்குடியில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார். அவர் உடனே எண்டோஸ்கோப்பி எடுக்கச் சொல்லி சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டு நாலாக மடிக்கப்பட்டு, அப்பத்தாவின் சுருக்குப் பையில் வெற்றிலைக்கும் புகையிலைக்கும் நடுவே பத்திரமாக இருந்தது.

``பக்கத்து வீட்டுல ஒருத்திக்கு எடுத்தாங்க. வாய்க்குள்ள குழாய விட்டதும் ஓங்கரிச்சு ஓங்கரிச்சு உசிரே போயிருச்சாம். பாதியில பிடுங்கிட்டாங்களாம். மயக்க ஊசி போட்டா நான் எந்திரிப்பேனோ மாட்டேனோ... எனக்கு எதுக்குத்தா இந்த வயசுல?''

ஹெல்த் செய்திகளைத் தினமும் எழுதும் எனக்கே அந்த நிமிடம் வயிற்றைப் பிசைந்தது. 70 வயதைத் தாண்டியவர். புகையிலைப் பழக்கம். சாப்பாடு இறங்கவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் டாக்டர்கள் எதைச் சந்தேகிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அன்று இரவு அப்பத்தாவுக்காகத் தேடிப் படித்தபோது கிடைத்ததுதான், மூக்கு வழியாக, மயக்க மருந்து இல்லாமல் உணவுக்குழாயைப் பார்க்கும் இந்தப் பரிசோதனை. உங்கள் வீட்டிலும் ஒரு சுருக்குப் பையில் இப்படி ஒரு சீட்டு மடங்கிக் கிடக்கலாம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

வாய் வழியாகப் போனால் ஏன் குமட்டுகிறது?

உணவுக்குழாய் என்பது தொண்டையிலிருந்து இரைப்பை வரை போகும், சுமார் 25 செ.மீ நீளமுள்ள தசைக் குழாய். உள்ளே புண்ணா, சுருக்கமா, கட்டியா என்பதை வெளியிலிருந்து முழுதாகச் சொல்ல முடியாது. நேரில் பார்த்தால்தான் தெரியும். நுனியில் கேமராவும் விளக்கும் உள்ள வளையும் குழாயை உள்ளே அனுப்பிப் பார்ப்பதுதான் எண்டோஸ்கோப்பி.

வழக்கமான எண்டோஸ்கோப்பி குழாயின் குறுக்களவு 9 முதல் 10 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட சுண்டுவிரல் பருமன். அது வாய் வழியாகப் போகும்போது நாக்கின் அடிப்பகுதியையும் அண்ணத்தையும் தொடுகிறது. வேண்டாத பொருள் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக உடம்பு வைத்திருக்கும் காவல் இடங்கள் இவை. அங்கே எது பட்டாலும் ஓங்கரிப்பு வரும். இது மனதைரியம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. உடம்பின் அனிச்சைச் செயல்.

இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தொண்டையை மரத்துப்போகச் செய்யும் ஸ்பிரே. நம் ஊரில் பல மருத்துவமனைகளில் இதை மட்டும் அடித்துவிட்டு, மயக்க மருந்து இல்லாமலேயே எண்டோஸ்கோப்பி செய்கிறார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரும்பாலானவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். இரண்டாவது, ஊசி மூலம் கொடுக்கும் லேசான மயக்க மருந்து. இதில் கஷ்டம் தெரியாது. ஆனால், மூச்சையும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவையும் கண்காணிக்க வேண்டும். கூட ஒருவர் வர வேண்டும். அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான பத்திரங்களில் கையெழுத்துப் போடக் கூடாது என்பார்கள். வயதானவர்கள், இதயம், நுரையீரல் பிரச்னை உள்ளவர்கள் என்றால் கூடுதல் கவனம் தேவை.

இந்த இரண்டுக்கும் அப்பால் மூன்றாவதாக ஒரு வழிதான் மூக்கு.

வாள் விழுங்கியவரிடம் தொடங்கிய கதை

கோவிலூர் சிவன் கோயில் சுவாமியின் பெயர் கொற்றவாளீஸ்வரர். பெயரிலேயே வாள் இருக்கிறது. எண்டோஸ்கோப்பியின் கதையும் ஒரு வாளில்தான் ஆரம்பிக்கிறது என்று படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது.

1868-ம் ஆண்டு. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் அடால்ஃப் குஸ்மால் என்ற மருத்துவர், உயிரோடிருக்கும் மனிதரின் இரைப்பைக்குள் பார்க்க ஆசைப்பட்டார். அவர் கையில் இருந்ததோ வளையாத, நேரான உலோகக் குழாய். அதை யார் விழுங்குவார்கள்? வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரை அழைத்துவந்தார். தலையைப் பின்னால் சாய்த்து, வாயையும் உணவுக்குழாயையும் ஒரே நேர்க்கோட்டில் கொண்டுவரும் வித்தை அவருக்குக் கைவந்த கலை. குழாய் உள்ளே போனது. ஆனால், போதிய வெளிச்சம் இல்லாததால் சரியாகப் பார்க்க முடியவில்லை.

1932-ல் ருடால்ஃப் ஷிண்ட்லர் ஓரளவு வளையும் குழாயை உருவாக்கினார். உண்மையான திருப்பம் தந்தவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹெரால்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்து, அவை வளைந்தாலும் படம் மறுமுனைக்குப் போகும் என்று காட்டினார். அந்தக் கட்டுரை 1954-ல் `நேச்சர்' இதழில் வந்தது. அதைப் படித்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ் அமெரிக்காவில் கண்ணாடி இழை எண்டோஸ்கோப்பை உருவாக்கி, 1957-ல் முதலில் தன் தொண்டைக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். சில நாள்கள் கழித்துத்தான் நோயாளிக்குப் பயன்படுத்தினார். கபானிக்கு, அவர் இறந்த பிறகு 2021-ல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

பிறகு கேமரா சிறிதாகச் சிறிதாகக் குழாயும் ஒல்லியானது. 1994-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த ரெசா ஷேக்கர், மயக்க மருந்து இல்லாமல் மூக்கு வழியாக உணவுக்குழாயையும் இரைப்பையையும் பார்க்கும் முறையை மருத்துவ இதழில் விவரித்தார். காது, மூக்கு, தொண்டை மருத்துவர்களும் இதைக் கையில் எடுத்தார்கள். இரைப்பைப் புற்றுநோய் அதிகமுள்ள ஜப்பானில், நோயை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனைகளில் இந்த முறை பரவலாகிவிட்டது.

அப்பத்தாவும் மூக்குத்தியும்

நான் ஊரிலிருந்தே நாலைந்து இடங்களுக்கு போன் போட்டேன். இந்த மெல்லிய குழாய் எல்லா ஊரிலும் இல்லை. மதுரையில் ஓரிடத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். திருப்பத்தூர், மேலூர் வழியாக இரண்டு மணி நேரப் பயணம். முதல் நாள் இரவு சாப்பாட்டோடு சரி. காலையில் ஒன்றும் சாப்பிடக் கூடாது. ``காப்பித் தண்ணியாச்சும்?'' என்று அப்பத்தா நான்கு முறை கேட்டார். ம்ஹூம்.

உள்ளே முதலில் ஒரு சிக்கல் வந்தது. அப்பத்தாவுக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி. குழாய் போகும் பக்கம் கழற்றச் சொன்னார் நர்ஸ். ``உங்க ஐயா போட்டுவிட்டது. அவுக போனப்பக்கூட ஒரு பக்கந்தான் கழட்டினேன்'' என்று அப்பத்தா மூக்கைப் பொத்திக்கொண்டார். டாக்டர் இரண்டு துவாரங்களையும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வலது பக்கம்தான் அகலமாக இருக்கிறது, அது மட்டும் போதும் என்றார். இடது மூக்குத்தி தப்பித்தது. வலதைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

அதன்பிறகு நடந்தது இதுதான். மூக்கடைப்பை நீக்கி வழியை அகலமாக்கும் சொட்டு மருந்து விட்டார்கள். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் மருந்தை மூக்கிலும் தொண்டையிலும் அடித்தார்கள். சில நிமிடங்கள் காத்திருந்தோம். அப்பத்தா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். சில இடங்களில் இடதுபக்கமாகப் படுக்கவைத்தும் செய்வார்கள்.

குழாயின் குறுக்களவு 5 முதல் 6 மில்லிமீட்டர். பென்சிலைவிட ஒல்லி. அது மூக்கின் தரையை ஒட்டிப் போய், அண்ணத்துக்குப் பின்பக்கமாகக் கீழே திரும்புகிறது. நாக்கின் அடிப்பகுதியைத் தொடுவதே இல்லை. ஓங்கரிப்பு குறைவதன் ரகசியம் இதுதான். வாய் காலியாக இருப்பதால் பேசவும் முடிகிறது.

குழாய் தொண்டைக்கு வந்ததும் எச்சில் விழுங்கச் சொன்னார் டாக்டர். அப்பத்தா விழுங்கிய அந்தக் கணத்தில் உணவுக்குழாயின் வாசல் திறந்தது. குழாய் உள்ளே போனது. அந்த ஓரிடத்தில் மட்டும் அப்பத்தா என் கையை இறுக்கிப் பிடித்தார். கண்ணில் நீர் கோத்தது. ஒரு முறை குமட்டியது. அவ்வளவுதான்.

திரையில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சுரங்கம் தெரிந்தது. கீழே போகப் போக அது சிவந்து, ஓரிடத்தில் சட்டென்று குறுகியது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்போது பார்த்து, மூக்கில் குழாயோடு அப்பத்தா கேட்டார்: ``என்ன தம்பி, உள்ள ஏதாச்சும் இருக்கா?''

டாக்டர் சிரித்துவிட்டார். அமில எரிச்சலால் ஏற்பட்ட புண்ணும் அதனால் வந்த சுருக்கமும் போலத் தெரிகிறது, உறுதி செய்ய சதைத் துணுக்கு எடுக்கிறேன் என்று அப்பத்தாவிடமே நேரடியாக விளக்கினார். மெல்லிய குழாய் என்பதால் அந்தக் குறுகலைத் தாண்டி இரைப்பை வரை போய்ப் பார்க்கவும் முடிந்தது. குழாய்க்குள் இருக்கும் சின்ன வழியாகக் குட்டி இடுக்கியை அனுப்பித் துணுக்குகள் எடுத்தார். அது வலிக்கவே இல்லை என்றார் அப்பத்தா. உணவுக்குழாயின் உள்சவ்வில் இப்படிக் கிள்ளி எடுப்பது பொதுவாக வலியாகத் தெரியாது.

எல்லாம் சேர்த்து 10 நிமிடங்கள். மரப்பு தெளியும்வரை, சுமார் ஒரு மணி நேரம், தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்றார்கள். தொண்டை மரத்திருக்கும்போது குடித்தால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். பிறகு நாங்கள் நடந்தே வெளியே வந்து காப்பி குடித்தோம். ஆறவைத்துத்தான்!

இதற்கும் எல்லைகள் உண்டு

மூக்கு வழிப் பரிசோதனை மாயவித்தை இல்லை. அதன் குறைகளையும் தெரிந்துகொள்வது நல்லது.

* மூக்கில் அழுத்தமும் லேசான வலியும் இருக்கும். சிலருக்கு மூக்கில் ரத்தம் கசியும். பெரும்பாலும் தானாக நின்றுவிடும்.

* மூக்குத் தண்டு வளைந்தவர்கள், உள்ளே சதை வளர்ந்தவர்கள் சிலருக்குக் குழாய் போகாது. அப்போது அதே மெல்லிய குழாயை வாய் வழியாக விடலாம்.

* ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்கள், அண்மையில் மூக்கில் அறுவை சிகிச்சையோ அடிபடுதலோ நடந்தவர்களுக்கு இது ஏற்றதல்ல. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்கு அது ஆபத்து.

* இது பார்ப்பதற்கான குழாய். ரத்தக்கசிவை நிறுத்துவது, பெரிய கட்டிகளை அகற்றுவது போன்ற சிகிச்சைகளுக்குப் பருமனான குழாயும் வாய் வழியும்தான் வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் அப்பத்தாவுக்கும் பொருந்தியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எப்போது தள்ளிப்போடவே கூடாது?

நெஞ்செரிச்சல் எல்லோருக்கும் எப்போதாவது வரும். அதற்கெல்லாம் குழாய் தேவையில்லை. ஆனால், இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

* உணவு நெஞ்சில் தங்குவது. முதலில் வடை, சப்பாத்தி, கறி, பிறகு சோறு, பிறகு கஞ்சி என்று வரிசையாக இறங்காமல் போவது.

* காரணமில்லாமல் எடை குறைவது.

* ரத்த வாந்தி அல்லது தார் போலக் கறுப்பாக மலம் போவது. இது அவசரம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

* விழுங்கும்போது வலி, மாறாத குரல் கம்மல்.

* ரத்தசோகை. இரும்புச்சத்து மிகவும் குறைந்த பெண்கள் சிலருக்கு உணவுக்குழாயின் மேல்பகுதியில் மெல்லிய சவ்வு வளர்ந்து, விழுங்க முடியாமல் போவதும் உண்டு.

இவையெல்லாம் புற்றுநோயாகத்தான் இருக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால், பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கணிப்பின்படி, 2022-ல் உலகம் முழுக்க சுமார் 5.11 லட்சம் பேருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, சுமார் 4.45 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். இந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு முக்கியமான காரணம், பலர் தாமதமாக வருவதுதான். குழாயின் பெரும்பகுதி அடைபட்ட பிறகுதான் பலருக்கு விழுங்குவதில் சிரமமே தெரியும். அதற்குப் பிறகும் ஆறு மாதம் சீட்டை மடித்து வைத்திருந்தால்?

நம் பழக்கங்களையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். புகையும் மதுவும் தெரிந்த எதிரிகள். வெற்றிலை பாக்கு மெல்லும் பழக்கத்தை, புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று அதே முகமை 2004-லேயே உறுதிசெய்துவிட்டது. 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களும் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று 2016-ல் சொன்னது. காப்பியோ டீயோ குற்றவாளி இல்லை, சூடுதான். ஐந்து நிமிடம் ஆறவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. எனக்கு மூக்கு வழிப் பரிசோதனை போதுமா, வாய் வழியாகத்தான் செய்ய வேண்டுமா?

2. தொண்டை ஸ்பிரே மட்டும் போதுமா, மயக்க மருந்து தேவைப்படுமா?

3. நான் சாப்பிடும் மாத்திரைகளில் எதை, எப்போது நிறுத்த வேண்டும்?

4. சதைத் துணுக்கு எடுத்தால் முடிவு எப்போது வரும்?

மூக்கு வழி வசதி உங்கள் ஊரில் இல்லையென்றால், அதற்காகக் காத்திருந்து நாளைக் கடத்த வேண்டாம். ஸ்பிரே அடித்து வாய் வழியாகச் செய்வதும் சில நிமிட வேலைதான். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் விசாரியுங்கள். எங்கே போவது என்று புரியாவிட்டால், தமிழக அரசின் 104 மருத்துவ ஆலோசனை எண்ணில் கேட்கலாம். எந்தக் குழாய் என்பது இரண்டாவது கேள்வி. எப்போது என்பதுதான் முதல் கேள்வி.

முடிவு வந்த நாள்

சதைத் துணுக்கின் முடிவு வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் அப்பத்தா நிம்மதியாகத் தூங்கினார், நாங்கள்தான் தூங்கவில்லை. சித்தப்பா போன் செய்து, ``புற்று இல்லையாம்'' என்று சொன்னபோது ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

ஆனால், சுருக்கம் சுருக்கம்தான். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு, குறுகிய இடத்தை பலூன் வைத்து விரிக்க வேண்டும் என்றார்கள். அது வாய் வழியாக, லேசான மயக்க மருந்து கொடுத்து. எதைக் கண்டு ஆறு மாதம் ஒளிந்துகொண்டாரோ, அதேதான்! நாங்கள் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அப்பத்தா சாதாரணமாகத் தலையாட்டினார். ``அதான் உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுபோச்சே. இனி எதுக்குப் பயப்படணும்?'' என்றார். நாங்கள் இவ்வளவு நாளும் குழாயைத்தான் பிரச்னை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அப்பத்தா பயந்தது, தெரியாத ஒன்றுக்கு.

பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி போய்விட்டு வந்து, இலை போட்டு உட்கார்ந்தார். வடையை நன்றாக மென்று, மெதுவாகச் சாப்பிட்டார். தண்ணீர் டம்ளர் பக்கத்தில் அப்படியே இருந்தது. சுருக்குப் பையில் புகையிலை இல்லை. வெற்றிலையை விடத்தான் இன்னும் மனசு வரவில்லை. அதற்கும் ஒரு நாள் வரும் என்று நானும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் போன் பேசும்போது, எங்கள் தெருவிலேயே இன்னொருவர் நெஞ்சடைப்பது போல இருக்கிறது, குழாய் விடச் சொல்கிறார்கள் என்று அப்பத்தாவிடம் வந்து புலம்பியதாகச் சொன்னார்.

``நீ என்ன சொன்ன அப்பத்தா?''

``போய் எடுத்துட்டு வாடின்னேன். மூக்குப்பொடி போட்டாக்கூட இதவிட எரியும்னு சொன்னேன். நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்!''